நீ போட்ட ஆயில் சீல்

தம்பி,

இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக, காலை பத்து மணிக்கு உன் அழைப்பு வரும்போதெல்லாம் வாய்வரை வந்து திரும்பிப் போன செய்தி இது. போனில் பேசினால் நான் பாதியில் பயந்துபோய், "பாப்பாவுக்குச் சளி கொறஞ்சிருச்சா?" என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். எழுத்தில் அப்படித் தாவ முடியாது. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவள் நான். எதை எழுதாமல் மழுப்பியிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்துவிடும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா போய் நான்கு வருடமாகிறது. இந்த மேட்டு வீட்டில் வாரத்துக்கு ஒரு முறை என்னை 'அம்மா' என்று கூப்பிடுகிற குரல் உன்னுடையது ஒன்றுதான். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நீ சில காலம் கூப்பிடாமல் போகலாம். அது தெரிந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் அப்பாவின் டிராக்டரைப் பற்றியது. அந்தச் சாம்பல் நிறக் கிழட்டு வண்டி இன்னும் வீட்டுக்குக் கீழே தகரக் கொட்டகையில்தான் நிற்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து இழுத்து இழுத்துக் களைத்துப்போன வண்டியைத் தோட்டத்துத் துரை கழித்துவிடச் சொன்னபோது, அதை ஓட்டிய டிரைவர் என்ற உரிமையில் அப்பா கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அப்போது உனக்கு எட்டு வயது. பின்பக்கம் மருந்து பம்பை மாட்டுகிற ஷாஃப்ட் நீட்டிக்கொண்டிருக்குமே, அதன் அடியில் பதினோரு வருடமாக எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா இருந்தவரை தினமும் காலையில் கீழே வைத்த பால் டின்னை எடுத்துக் கொட்டிவிட்டு, குறைந்த எண்ணெயை மேலே ஊற்றுவார். அவருக்குப் பிறகு நான் ஊற்றினேன். காலையில் எழுந்தால் ஒருவருக்குச் செய்ய ஏதோ ஒரு வேலை வேண்டியிருந்தது.

போன மாதம் கோயில் தலைவர் சின்னையா வீட்டுக்கு வந்தார். "டீச்சர், இந்த வருஷம் அம்மன் ரதம் இழுக்க லோரி கெடைக்கல. அண்ணனோட டிராக்டர குடுங்களேன். ஆனா ஒழுகக் கூடாதுலா. கோயில் ரோட்டுக்கு இப்பத்தான் தார் போட்டிருக்கானுங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் தேத்தண்ணீர்க் குவளையைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன். பதினோரு வருடத்துக்கு முன்னால், அதே ரதம், அதே டிராக்டர், அதே ரோடு. உனக்கும் அந்த நாள் மறந்திருக்காது.

நீ ஈப்போவில் தொழிற்கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாய். திருவிழாவுக்கு ஒரு வாரம் லீவு போட்டு வந்தபோது, பழையது கசிகிறது என்று, ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கிற அந்த ரப்பர் வளையத்தை, புது ஆயில் சீலாக அங்கேயே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாய். இரண்டு நாள் வண்டிக்கு அடியிலேயே கிடந்தாய். ஷாஃப்ட் முனையில் இருக்கிற பற்கள் புது ரப்பரைக் கிழித்துவிடும் என்று அதன்மேல் டேப் சுற்றினாய். சீல் கோணாமல் உட்கார வேண்டும் என்று என் சப்பாத்திக் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய், அதை மேலே வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினாய். நான் திட்டினேன். பிறகு கொழுந்து ஸ்டோர்வரை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஷாஃப்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவி அப்பாவிடம் காட்டினாய். கை காய்ந்திருந்தது. அப்பா அன்று இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திருவிழா அன்று ரதம் ஐந்து மணி நேரம் ஊர்ந்தது. ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசை முன்னாலும் நின்று, அர்ச்சனை வாங்கி, மேடேறி, கோயில் வாசலுக்கு வந்து சேரும்போது ரோடு நெடுக எண்ணெய்க் கோடு. தாம்பாளத்தோடு வந்த சின்னையா அதில் கால் வைத்து மல்லாக்க விழுந்தார். வெள்ளை வேட்டி முழுக்கக் கறுப்பு. சனம் சிரித்தது. அப்பா இறங்கி வந்து பின்னால் பார்த்தார். எல்லார் முன்னாலும் சொன்னார்: "பெரிய காலேஜுல படிக்கிறானாம்! வெளங்காத கை. இந்தக் கை பட்டா ஓடுற வண்டியும் நின்னுரும்." நீ கையில் துணியோடு நின்றாய். நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன். இரண்டு மாதத்தில் நீ கல்லூரியை விட்டாய். அலுவலகப் படிப்புக்கு மாறினாய். ஜொகூருக்குப் போனாய். இன்று ஒரு கிடங்கில், வந்து இறங்கும் பெட்டிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறாய். அது நேர்மையான வேலை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் போன தீபாவளிக்கு உன் வீட்டில் ஒன்றைப் பார்த்தேன். ஹாலில் கூரைக் காற்றாடி தடதடவென்று ஆடியது. ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கீழே நின்றே எனக்குத் தெரிந்தது. நீ போனை எடுத்து ஆள் தேடினாய். "ஒரு திருகாணி தானப்பா" என்றேன். "என் கைக்கு ராசி இல்லம்மா. நான் தொட்டா ஓடுறதும் நின்னுரும்" என்று சிரித்தாய். அப்பாவின் வார்த்தையை அப்படியே சொல்லுகிறாய் என்பது உனக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதே நாள் மாலையில் பாப்பாவின் பொம்மைக் காரில் சக்கரம் கழன்றுகொண்டது. வேறு பிள்ளையாக இருந்தால் அப்பாவிடம் ஓடும். அவள் உன்னைக்கூடப் பார்க்காமல், நேராகக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்று இரவு பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். சின்னையா போன பிறகு குணாவைக் கூப்பிட்டேன். உனக்கு நாலு வகுப்பு மேலே படித்தவன். என்னிடம் வாய்ப்பாட்டில் அடிக்கடி மாட்டிக்கொண்டவன். இப்போது கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டக்காரர்களின் வண்டிகளையெல்லாம் அவன்தான் பழுது பார்க்கிறான். எண்ணெயை வடித்தான், பின் மூடியைக் கழற்றினான். நான் டார்ச் லைட் பிடித்தேன். "நேரா புடிங்க டீச்சர். 'நேரா நில்லு, நேரா நில்லு'ன்னு எங்கள எத்தன தடவ ஏசியிருப்பீங்க!" என்றான். ஷாஃப்டை உருவி, சீலைப் பார்த்தவன், சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிட்டே குனிந்தான்.

"டீச்சர், இத போட்டது யாரு?"

"ஏன், தப்பா போட்டிருக்கா?"

"தப்பாவா? நூல் புடிச்ச மாதிரி உக்காந்திருக்கு. ஸ்பிரிங் பக்கம் உள்ளுக்குப் பாத்திருக்கு, ரப்பர் ஓரத்துல ஒரு கீறல் இல்ல. வயசாயி இறுகிப்போச்சு, அவ்வளவுதான். நான் போட்டாகூட இவ்வளவு சுத்தமா வராது."

என் மகன் போட்டது என்றேன். "அதானே. அங்கிள் சொல்லியிருக்காரு" என்றான். அப்போதுதான் எனக்கு அதுவரை தெரியாத ஒன்று தெரிந்தது. அப்பா இருந்தபோது குணா இரண்டு தடவை, சீலை மாற்றித் தருகிறேன் என்று தானாகவே கேட்டிருக்கிறான். இரண்டு தடவையும் அப்பா, "அது என் மகன் போட்டது. அவன் வந்து கழட்டட்டும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். கோபத்தில் சொன்னாரா, காத்திருந்து சொன்னாரா என்று குணாவிடம் கேட்டேன். "அங்கிளுக்கு ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிதானே டீச்சர்" என்றான். உண்மைதான். முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த எனக்கும் அந்த முகத்தில் எது எது என்று பல நாள் பிடிபட்டதில்லை. நான் உனக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. அவர் சொன்ன வார்த்தையை மட்டும் அப்படியே எழுதியிருக்கிறேன். அவர் மகன் நீ. உனக்குப் புரிந்தால் எனக்கும் சொல்.

குணா பழைய சீலைக் கழற்றிப் புதியதைப் போட்டான். ஷாஃப்டுக்கு டேப் நான்தான் சுற்றினேன், நீ சுற்றியதைப் பார்த்த ஞாபகத்தில். பிறகு டிரேலரில் உர மூட்டை ஏற்றி, ரதம் போகிற அதே வழியில், ரதம் போகிற வேகத்திலேயே இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தான். நான் வாசலில் நின்றேன். வண்டி திரும்பி வந்து நின்றது. பின்னால் போய்ப் பார்த்தால், எண்ணெய் வழிந்து டயர்வரை வந்திருக்கிறது. குணா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு டீச்சர், என் மானம் போச்சு. கம்போங் ராஜாவுல யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றான். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் ஒன்று உறைத்தது. அவனுக்குப் பதினெட்டு வருடத் தொழில். அவன் போட்ட சீலும் ஒழுகுகிறது. ஆனால் யாரும் அவனை வெளங்காத கை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

குணா எழுந்து, எண்ணெய் ஊற்றுகிற மூடியைச் சூட்டோடு திருகினான். புஸ்ஸென்று காற்று சீறிக்கொண்டு வந்தது. அவன் துள்ளிப் பின்னால் போனான். "டீச்சர், வண்டி மூச்சு முட்டிக் கெடக்கு!" என்றான். எனக்கு விளக்கினான். உள்ளே எண்ணெய் சூடானால் காற்று விரியும். விரிந்த காற்று வெளியே போக மேலே ஒரு சின்ன வழி வைத்திருப்பார்கள். அது அடைத்துக்கொண்டால், காற்று எண்ணெயை எங்கே இளக்கமோ அங்கே நெட்டித் தள்ளும். எல்லாவற்றிலும் இளக்கம் அந்த ரப்பர் சீல்தான். கஞ்சிப் பானையை இறுக்கி மூடிவிட்டு அடுப்பை எரித்தால் விளிம்பில் வழியாதா, அந்த மாதிரி. சும்மா மூன்று தடவை ஸ்டோருக்குப் போய் வந்தால் அவ்வளவு சூடேறாது. அதனால்தான் அன்று உன் கை காய்ந்திருந்தது. ஐந்து மணி நேரம் மேட்டில் ஊர்ந்தால்தான் தெரியும்.

அந்த மூச்சு வழியைத் தேடினான். சீட்டுக்குப் பின்னால் மேல்பக்கம் காளான் மாதிரி ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. அதன் குடைக்கு அடியில் ஊசி நுழைகிற அளவுக்குத் துளைகள். குமிழைச் சுற்றிக் கல்லாக ஏதோ இறுகியிருந்தது. ஸ்க்ரூட்ரைவரால் நெம்பினான். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வந்தது. மஞ்சள், சிவப்பு, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. ஒரு துண்டை மூக்குக்குக் கொண்டுபோனவன் என்னைப் பார்த்தான்.

"இது மண்ணு இல்ல டீச்சர். வாசம் அடிக்குது."

எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது, தம்பி. அது சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பா வண்டியைக் கழுவி நிறுத்துவார், நீ சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பாய், நான் பொட்டு வைப்பேன். முன்னால், பக்கவாட்டில் எல்லாம் வைத்துவிட்டுக் கடைசியாகச் சீட்டில் ஏறி, அந்தக் குமிழுக்குக் கொஞ்சம் தாராளமாகவே அப்புவேன். உருண்டையாகப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். இந்தக் குளிரில் சந்தனம் எங்கே உடனே காய்கிறது! ஈரமாகவே வழிந்து துளைக்குள் இறங்கி, எண்ணெய்த் தூசியோடு சேர்ந்து சிமெண்டாகிவிட்டது. நீ சீல் போடுவதற்கு முன்பே பதின்மூன்று பூஜைகள் முடிந்திருந்தன. "நல்லா மூக்கப் பாத்துப் பொட்டு வச்சிருக்கீங்க டீச்சர்" என்று குணா விழுந்து விழுந்து சிரித்தான். துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தான். மறுநாள் மறுபடி மூட்டை ஏற்றி ஓட்டினான். ஒரு சொட்டு இல்லை.

உன் கையில் தப்பில்லை. இதை இரண்டாம் தடவையும் எழுதுகிறேன், உன் கையில் தப்பில்லை.

பள்ளியில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கரும்பலகையில் நான் தப்பாக எழுதியதைக் கரும்பலகையிலேயே, எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும்போதே அழித்து எழுதுவேன். ஒரு முறை ஒரு பையனின் கணக்குக்குத் தப்புப் போட்டுவிட்டேன். அவன் செய்தது சரி, நான் வைத்திருந்த விடைத்தாள்தான் பிழை. மறுநாள் வகுப்பில் அவனை எழுப்பி நிற்க வைத்து, எல்லார் காதிலும் விழ, "டீச்சர் போட்ட தப்பு தப்பு" என்று சொன்னேன். யாரோ பெற்ற பிள்ளைக்கு அதைச் செய்தவள்தானே நான். அதனால் போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் சின்னையாவிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி, கோயில் முன்னால், அப்பா நின்று சொன்ன அதே இடத்தில் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். எண்ணெய் ஒழுகியதற்குக் காரணம் நான்தான், என் மகனுடைய வேலை சுத்தமான வேலை என்று சொல்லி முடித்தேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அதை நான் எதிர்பார்த்தேன். கேட்டால் சிரிப்பு வருகிற கதைதான். எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. சின்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் விழுந்தேனா? எந்தத் திருவிழாவுல டீச்சர்? நான் வருஷத்துக்கு ஒரு தடவ எங்கயாச்சும் விழுறவன்தான்லா" என்றார். பக்கத்தில் நின்ற அஞ்சலை அக்கா, "அண்ணன் வண்டிகிட்ட நின்னா எல்லாரையும்தான் ஏசுவாரு. அதுல எத ஞாபகம் வச்சிக்கிறது?" என்றார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாருக்கும் நினைவில்லை. நடிக்கவில்லை, தம்பி, உண்மையாகவே நினைவில்லை. நீ எந்தக் கண்களுக்கு முன்னால் இனி நிற்க முடியாது என்று இந்த மலையை விட்டு இறங்கினாயோ, அந்தக் கண்களில் அன்று சாயங்காலமே அது அழிந்துபோயிருக்கிறது. சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பனிமூட்டத்தில் தனியாக வீட்டுக்கு நடந்தேன். அன்று அங்கே நின்றவர்களில் அப்பா போய்விட்டார். அந்த நாளை இன்னும் வைத்திருப்பவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

ஆகவே இனி நான் சொல்லப்போவதைக் கேட்கவும் உன்னைத் தவிர ஆளில்லை. சந்தனத்தைப் பற்றிச் சொல்வது எளிது. அது தெரியாமல் செய்தது. அந்தத் திருவிழா ராத்திரி நீ அடுப்படிக்கு வந்து, "நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களாம்மா?" என்று கேட்டாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அதெல்லாம் விடுப்பா. இந்த அழுக்கு வேல உனக்கு எதுக்கு? ஆபீசு படிப்பு படி" என்றேன். நீ அதை ஆறுதல் என்று நினைத்திருப்பாய். அது ஆறுதல் இல்லை. நீ வேலையைச் சரியாகச் செய்திருந்தாய் என்று எனக்குள் தெரியும். இரண்டு நாள் உன்னை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஆனால் டிரைவர் மகன் டிரைவராக, மெக்கானிக்காக ஆகிவிடக் கூடாது, நகத்தில் அழுக்கில்லாமல் மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அப்பா ஒரு கோபத்தில் கதவை அடைத்தார். அடைந்தது எனக்கு வசதியாக இருந்தது. நான் திறக்கவில்லை. எண்ணெய் ஒழுகியது எதனால் என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, பிள்ளைகளிடம் நாள் முழுக்கக் கேள்வி கேட்கிற நான் அன்று கேட்டிருந்தால், மறுநாளே யாராவது அந்தக் குமிழைப் பார்த்திருப்பார்கள். பதில் வேண்டாம் என்பதால் நான் கேள்வியைக் கேட்கவில்லை.

இனி நீ தொழிலை மாற்று என்று சொல்லவில்லை. திருவிழாவுக்கு வா என்றும் சொல்லவில்லை, குணா ஓட்டுவான். பாப்பா முன்னால் அந்தக் காற்றாடியின் திருகாணியை ஒரு தடவை நீயே முடுக்கு. சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, அவள் பார்க்கட்டும்.

நீ நல்ல பிள்ளை. படித்து முடித்ததும் "பரவாயில்லம்மா" என்று சொல்லத்தான் உனக்கு வாய் வரும். அப்படிச் சொல்லாதே. எனக்கு வயது அறுபத்தெட்டு. அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்று எனக்கே சபலம் தட்டுகிறது. பதினோரு வருடமாக நீ உன் கையோடு கோபமாக இருந்திருக்கிறாய். அதை விட்டுவிடு, தம்பி. என்னைக் கோபித்துக்கொள்.

அம்மா